வரப்பில் வைத்த நாற்று முடி

அந்த அம்மாள் குனிந்து நாற்று முடியைத் தூக்கினார். தூக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, போட்டோ எடுப்பவரைப் பார்த்துச் சிரித்தார்.

சேற்றில் நின்ற இருபது பெண்களும் ஒரே மூச்சில் குலவை போட்டார்கள். ஏரிக்கரைப் புளியமரத்தில் உட்கார்ந்திருந்த கொக்குகள் அத்தனையும் எழுந்து பறந்தன. சேற்று வாசனை, நசுங்கிய நாற்றின் பச்சை வாசனை, அந்த அம்மாள் பூசியிருந்த பவுடர் வாசனை மூன்றும் கலந்து என் மூக்கில் ஏறின. இன்றைக்கும் யாராவது புதுப் பவுடர் டப்பாவைத் திறந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

"இது என்னம்மா?" என்று என் பக்கம் தலையைச் சாய்த்து, மெதுவாகக் கேட்டார்.

"மரியாதைங்க. எங்க ஊர் வரவேற்பு" என்றேன்.

அது வரவேற்பு இல்லை. அது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

பாகூர்ப் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் நடவு நடக்கும்போது வரப்பில் யார் வந்தாலும், பண்ணைக்காரரோ, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரோ, நடவுக்காரிகள் ஒரு கட்டு நாற்றைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்து வழி மறிப்பார்கள். அந்தக் கட்டுக்குத்தான் நாற்று முடி என்று பெயர். அதைத் தாண்டக் கூடாது. கொடுக்க மனசில்லாதவர் சிரித்து மழுப்பிவிட்டுச் சுற்றிக்கொண்டு போகலாம். ஆனால் முடியைக் கையில் தூக்கிவிட்டால், பெண்கள் கேட்டதைத் தந்தாக வேண்டும். பெரும்பாலும் கேட்பது வெற்றிலை, பாக்கு, புகையிலை.

தூக்கினவர் தருகிற வரைக்கும் அதே பொருளை வேறு யாரிடமும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தூக்கினவரை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும்.

தரவே மாட்டார் என்று தெரிந்த ஆளுக்கு முடி வைப்பதில்லை. பேசாமல் ஒதுங்கி வழி விட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய ஏச்சு கிடையாது. ஒரு கஞ்சப் பண்ணைக்காரருக்கு இரண்டு வருஷம் அப்படி வழி விட்டார்கள். மூன்றாம் வருஷம் மனுஷர் வெட்கம் தாங்காமல் தானே வெற்றிலைக் கட்டோடு வரப்பில் வந்து நின்றார்.

அன்றைக்கு முடி வைத்தவள் அஞ்சலை. நடவுக் கோஷ்டிக்குத் தலைவி. முழங்கால் வரை சேறு, வயிற்றில் நாலு மாசம். குலவை அடங்கியதும் சொன்னாள்.

"யம்மா, தூக்கிட்டீங்க. கேக்கறத குடுக்கணும். எங்களுக்கு வெத்தல வேணாம், பொயல வேணாம். ஆஸ்பத்திரில படிச்ச மருத்துவச்சி ஒருத்திய எங்க ஊருக்கு அனுப்புங்க."

"அதுக்கென்ன, பேஷா அனுப்பறேன்!" என்றார் அந்த அம்மாள்.

மலர் போடுகிறார்களாம்

போன வாரம் எங்கள் வீட்டு வெல்ல ஆலையைப் பற்றி எழுதியிருந்தேன். திருக்கனூரிலிருந்து ஒரு வாசகர், "படிக்கப் படிக்க நாக்கில் பாகு ஊறியது, இப்படியே இனிப்பாக எழுதுங்கள்" என்று கார்டு போட்டிருக்கிறார். மன்னிக்க வேண்டும் ஐயா. இந்த வாரம் இனிப்பு கிடையாது.

காரணம், தபாலில் வந்த ஒரு தடித்த உறை. நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு கிராமத்து மாதர் சங்கம் தன்னுடைய சரித்திரத்தைப் புத்தகமாகப் போடுகிறதாம். பொன்விழா மலர். அந்தச் சங்கத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் அவர்களுக்கு ஒரு விளம்பரம்.

உறைக்குள் ஒரு பழைய படத்தின் நகல். நான் மேலே சொன்ன அதே காட்சி. நடுவில் மெட்ராஸ் அம்மாள், கையில் நாற்று முடி. பக்கத்தில் ஜரிகைப் புடவையில் நான், பல்லெல்லாம் தெரிய. ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, அஞ்சலை. படத்துக்குக் கீழே டைப் அடித்திருக்கிறார்கள்: "பிரெஞ்சிந்தியக் கிராமப் பெண்கள் அளித்த அன்புப் பரிசு."

அன்புப் பரிசாம்! படித்ததும் காபி டம்ளரை மேஜையில் வைத்த வேகத்தில் பாதி காபி என் மடியில். "இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இனிய நினைவுகளுடன் ஒரு வாழ்த்துரை" வேண்டுமாம். படத்தில் இருப்பவர்களில் உயிரோடு இருப்பதாகத் தெரிகிறவள் நான் ஒருத்திதானாம்.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். அதுதான் கஷ்டம்.

சங்கம் வந்த கதை

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் இருக்கும். எனக்கு இருபது வயது. பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் படித்தவள் என்பதால் ஊரில் எனக்கு ஒரு பவிசு. கடிதம் வந்தால் படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மெட்ராஸ் அம்மாள் வில்லியனூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர். அங்கே பந்தலில் எங்கள் மாமியாரோடு பேசிக்கொண்டிருந்து, மூன்றாம் நாள் எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். பெரிய படிப்பு, பெரிய இடம், கதர்ப் புடவை, இரண்டு விரல் தடிமனுக்கு மூக்குக் கண்ணாடி. சும்மா சொல்லக் கூடாது, பேச்சு தேனாக இருக்கும். "இந்தியாவின் உயிர் கிராமத்துப் பெண்கள் கையில்" என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் ஊரில் சங்கத்துக்கு ஒரு கிளை தொடங்கி, என்னைக் காரியதரிசியாகப் போட்டார். சிவப்பு அட்டை போட்ட தீர்மானப் புத்தகம் ஒன்று கொடுத்தார். "அடுத்த டில்லி மாநாட்டுக்கு உன்னைக் கூட்டிண்டு போறேன்" என்றும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். கடலூரைத் தாண்டி எதையும் பார்க்காதவளுக்கு டில்லி! மாமியாரிடம் சொன்னேன், நாத்தனாரிடம் சொன்னேன், தண்ணீர்த் துறையில் சொன்னேன். ஊரே சிரித்தது.

கூட்டம் எங்கே போடுவது என்பதில் முதல் தகராறு. எங்கள் வீட்டு முற்றத்தில் போடலாம் என்றார் அந்த அம்மாள். நடவுப் பெண்கள் எங்கள் முற்றத்துக்குள் வர மாட்டார்கள், வர விடவும் மாட்டார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும்தான். கடைசியில் ஏரிக்கரைப் புளியமரத்தடி என்று ஆனது. மரம் யாருக்கும் சொந்தமில்லை.

தலைமைச் சங்கத்திலிருந்து முதலில் வந்தது பூத்தையல் கற்றுக்கொள்ள ஒரு பெட்டி. வளையம் வளையமாக மரச்சட்டம், பட்டு நூல், குட்டிக் கத்தரிக்கோல். நாற்றுப் பறித்துப் பறித்து நகம் போன விரல்களுக்குப் பட்டு நூல்! ஊசி கோக்கவே அவர்களுக்கு வராது. அடுத்து வந்தது ஒரு படம்: கீரை சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. நாள் முழுக்கக் கொல்லைக் கீரையை ஆய்ந்து கூழோடு தின்கிறவர்களுக்கு. பிறகு ஊறுகாய் போடுவது எப்படி என்று ஒரு புத்தகம். அட கிரகசாரமே என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லித் தீர்மானம் எழுதினேன்.

அஞ்சலை கேட்டது

ஒரு கூட்டத்தில் அஞ்சலை அந்தக் குட்டிக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சின்னம்மா, வில்லியனூர்ல எங்க மாமன் பொண்ணுக்குப் புள்ள பொறந்துச்சே, அங்க வந்த மருத்துவச்சிகிட்ட இந்த மாதிரிதான் ஒண்ணு இருந்துச்சாம். வெந்நீல போட்டுக் கொதிக்க வெச்சிதான் கொடிய அறுத்துதாம். புள்ள குத்துக்கல்லாட்டம் கீது."

அஞ்சலைக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் போய்விட்டன. ஊர் மருத்துவச்சி கண் மங்கிய கிழவி. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்தாள். தொப்புள்கொடி அறுப்பது கதிர் அறுக்கிற கருக்கரிவாளால். முதல் பிள்ளை ஏழாம் நாளும் இரண்டாவது ஒன்பதாம் நாளும் விறைத்துப் போயின. இரண்டாவது பிரசவத்தில் அஞ்சலையே பேச்சு மூச்சில்லாமல் கிடந்து பிழைத்தது பெரிய பாடு.

"தையலு எனக்கு இன்னாத்துக்கு? இது உசுரோட வரணும், நானும் உசுரோட இருக்கணும்" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "ஒங்க சங்கத்துல எழுதிப் போட்டு ஒரு மருத்துவச்சி கேளுங்க. பாருங்க, கத்தரிக்கோலு மின்னாடியே வந்துடிச்சி. ஆளுதான் வரல."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தங்கை செங்கேணி மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் இரண்டு பிள்ளைகளையும் துணியில் சுற்றி எடுத்துப் போனவள் அவள்தான்.

எழுதிப் போட்டேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். ஐப்பசி நடவின்போது கிளைகளைப் பார்வையிட வருவதாக மெட்ராஸ் அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. சரி, நேரிலேயே கேட்டுவிடலாம் என்று அஞ்சலை முடிவு செய்தாள். தனக்குத் தெரிந்த வழியில் கேட்டாள். அந்த அம்மாளும் தூக்கினார்.

"இதைத் தூக்கினால் கொடுத்தே ஆக வேண்டும், யோசித்துத் தூக்குங்கள்" என்று பக்கத்தில் நின்ற நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒருவேளை சிரித்துவிட்டுச் சுற்றிப் போயிருப்பார். இல்லை, யோசித்துத் தூக்கியிருப்பார். எதுவாக இருந்தாலும் அவரை நம்பலாமா கூடாதா என்று பெண்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சேற்றுக்காரிகள் வழி மறித்துக் கேட்கிறார்கள் என்று சொன்னால் அந்த அம்மாள் முகம் சுளிப்பாரோ, என் டில்லி போய்விடுமோ என்று பயந்தேன். தூக்கின பிறகு அவரே கேட்டபோதும் மரியாதை என்றேன்.

அந்நிய நாடு

எங்கள் பக்கத்து எல்லையைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எங்கள் வீட்டுக் கிணறு பிரெஞ்சுக்காரனுடையது. வாய்க்காலுக்கு அந்தாண்டை இருந்த எங்கள் களம் இங்கிலீஷ்காரனுடையது. அஞ்சலை காலையில் பிரெஞ்சு மண்ணில் நட்டு, கஞ்சி குடித்துவிட்டு, பிற்பகலில் இங்கிலீஷ் மண்ணில் நடுவாள். காலில் ஒட்டும் சேறு ஒன்றுதான்.

ஆண்களுக்குத்தான் சுங்கச் சாவடியில் உபத்திரவம். கடலூர் ரோட்டில் வண்டி வைக்கோலைக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். மெட்ராஸ் அம்மாளின் காரையும் நிறுத்தினார்களாம். "என் தேசத்தில் என்னை நிறுத்த இவன் யார்?" என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கொதித்தார். எங்கள் வீட்டு இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே, "இதெல்லாம் ஒரே தேசம், எல்லை எல்லாம் வெள்ளைக்காரன் போட்ட கோடு" என்றார். நான் கை தட்டினேன்.

கார்த்திகைக் கடைசியில் கடிதம் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டதுதான். எனக்கு மனப்பாடம்.

"தாங்கள் கோரியபடி மருத்துவச்சி நியமிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். தங்கள் கிராமம் அந்நிய நாட்டின் எல்லைக்குள் அமைந்துள்ளபடியால் சங்கத்தின் உதவித் திட்டங்கள் அங்கு செல்லுபடியாகா. அங்குள்ள கிளையும் கணக்கில் சேராது. எனினும் தங்கள் ஊர்ப் பெண்களின் அன்பான வரவேற்பை என்றும் மறவோம்."

அந்நிய நாடு! இட்லி தின்கிறபோது ஒரே தேசம், மருத்துவச்சி கேட்டால் அந்நிய நாடா? அந்தக் காகிதத்தை அன்றே கிழித்து அடுப்பில் போட்டிருக்க வேண்டும், அல்லது அன்றே புளியமரத்தடியில் நின்று உரக்கப் படித்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. நாலாக மடித்து என் தகரப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன்.

ஏன்? ஊர் சிரிக்கும். மாமியார் சிரிப்பார். "டில்லிக்காரி வந்துட்டா" என்று ஏற்கெனவே தண்ணீர்த் துறையில் கேலி. இன்னொரு கடிதம் கெஞ்சி எழுதினால் மனசு மாறுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதவும் எழுதினேன். பதில் வரவேயில்லை.

"காயிதம் வந்துச்சா சின்னம்மா?" என்று அஞ்சலை பார்க்கும் போதெல்லாம் கேட்பாள்.

"வரும்" என்பேன்.

மேரியிலிருந்து வந்த ஆள்

மார்கழியில் ஒரு நாள் காலை, மேரியிலிருந்து ஒரு குமாஸ்தா சைக்கிளில் வந்தார். மேரி என்றால் எங்கள் பக்கத்தில் கொம்யூன் ஆபீஸ், உங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி. பிரெஞ்சு சர்க்கார் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படித்த ஒரு மருத்துவச்சியைப் பாகூர்ப் பக்கத்துக்கு அனுப்பப் போகிறதாம். எங்கள் ஊரும் ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கும் ஊரும் பட்டியலில் இருக்கின்றனவாம். முதலில் எந்த ஊர்ப் பெண்கள் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார்களோ அந்த ஊரில் தங்குவாளாம்.

புளியமரத்தடியில் எல்லோரும் கூடினோம். சாமி கண் திறந்தது, என் கடிதம் பெட்டியிலேயே கிடக்கலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

அஞ்சலை எழுந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

"ஐயா, ரொம்ப சந்தோசம். ஆனா நாங்க ஏற்கெனவே ஒருத்தங்கள கேட்டுட்டோம். அவங்க முடியத் தூக்கிட்டாங்க. அனுப்பறேன்னு வாயால சொல்லிட்டாங்க. அத வுட்டுட்டு ஒங்ககிட்ட வாங்குனா அவங்கள நாங்க நம்பலன்னு ஆவாதா?"

குமாஸ்தா வாய்விட்டுச் சிரித்தார். "இன்னாடி இது பைத்தியக்காரத்தனம்? நாத்துக்கட்டத் தூக்குனதுக்கும் சர்க்காரு உத்தரவுக்கும் இன்னா சம்பந்தம்?"

"சிரிக்காதீங்க. மெட்ராஸ்லருந்து அந்தம்மா ஒருத்திய அனுப்பி, அவ வந்து பாத்து, இங்க வேற ஆளு இருந்தா? எம்மாம் பெரிய மனுசி! நம்பிக்க கெட்டவளுங்கன்னு நெனைக்க மாட்டாங்க?"

மற்றவர்களும் "அதான, அதான" என்றார்கள். செங்கேணி மட்டும், "அக்கா, ஒனக்குப் பங்குனிடி. யோசிச்சிக்க" என்றாள்.

"தூக்கினவங்க குடுக்காம இருந்ததா நம்மூருல எப்பயாச்சும் கேட்டிருக்கியா நீ?" என்றாள் அஞ்சலை.

குமாஸ்தா என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்கம்மா."

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? "அந்த அம்மாள் கை விரித்துவிட்டார், வருகிறவளை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் கொஞ்சம் திட்டியிருப்பார்கள். ஒரு மாசம் தண்ணீர்த் துறையில் தலை குனிந்து நடந்திருப்பேன். அவ்வளவுதான் எனக்கு நஷ்டம்.

"அவங்க இஷ்டங்க" என்றேன்.

சிவப்பு அட்டைப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன்: "கொம்யூனின் உதவி நன்றியுடன் மறுக்கப்பட்டது." அந்தப் புத்தகமும் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் என் எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை.

தை மாசம் மருத்துவச்சி ஏரிக்கு அந்தக் கரை ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

ஏரிக்கரை மேலே

பங்குனியில் அஞ்சலைக்கு விடியும்போது வலி எடுத்தது. வெயில் ஏறுகிற வரைக்கும் ஊர்க் கிழவி பார்த்தாள். பிறகு வெளியே வந்து கையை விரித்தாள். பிள்ளை குறுக்கே நிற்கிறதாம்.

செங்கேணி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். வாசலுக்குள் வரக் கூடாது என்பதெல்லாம் அன்றைக்கு அவளுக்கு மறந்துபோயிற்று. "வண்டி வேணும்" என்றாள். மாமியார் ஏதோ சொல்ல வந்தார். நான் காதில் வாங்காமல் என் வீட்டுக்காரரிடம் ஓடி வண்டியைப் பூட்டச் சொன்னேன். நானும் ஏறிக்கொண்டேன்.

ஏரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றி, குறுக்கே நடந்தால் கிட்டத்தான், ஆனால் வண்டி இறங்காது. கரை மேலே வண்டி ஒவ்வொரு குழியில் விழும்போதும் அஞ்சலை பல்லைக் கடித்தாள், கத்தவில்லை. அவள் தலை செங்கேணி மடியில். கால் என் மடியில். ஐஸ் மாதிரி இருந்தது.

பாதி வழியில் கண் திறந்து என்னைப் பார்த்தாள்.

"சின்னம்மா, காயிதம் வந்துச்சா?"

"வரும் அஞ்சல."

"அந்தம்மாவுக்கு எந்த மருத்துவச்சியும் சிக்கல போலருக்கு. பாவம், தேடிக்கிட்டு இருப்பாங்க" என்றாள்.

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. கையில் முடி தூக்கிய அந்த மகராசிக்காக அந்த நிலைமையிலும் அவள் பரிதாபப்பட்டாள்.

மருத்துவச்சி சின்னப் பெண். வெள்ளைப் புடவை. அவள் வீட்டு அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நாடியைப் பிடித்தாள், வயிற்றைத் தொட்டாள், எங்களைப் பார்த்துக் கோபமாக, "காலையிலேயே ஏன் கூட்டிக்கிட்டு வரல?" என்றாள். அதற்குப் பிறகு அவளால் முடிந்ததெல்லாம் செய்தாள். பிற்பகலுக்குள் பிள்ளையும் இல்லை, அஞ்சலையும் இல்லை.

பதினாறாம் நாள்

பதினாறாம் நாள் பெண்களைப் புளியமரத்தடிக்கு வரச் சொன்னேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். உரக்கப் படித்தேன். "அந்நிய நாடு" என்று படித்தபோது ஒருத்திக்கும் புரியவில்லை. நாம்தான் அந்நிய நாடாம் என்றேன்.

செங்கேணி கேட்டாள்:

"எப்ப வந்திச்சி இது?"

"கார்த்திகைக் கடைசியில."

விரலை மடக்கினாள். "அந்த சைக்கிள்காரரு வந்தது மார்கழி."

"ஆமா."

"அப்ப இது எங்க இருந்திச்சி?"

"என் பொட்டியில."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து புடவையில் ஒட்டியிருந்த புளியஞ்சருகைத் தட்டினாள்.

"எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான ஒன்ன எழுத வெச்சோம்" என்றாள்.

என்னை அவள் ஒருமையில் பேசியது அந்த ஒரே தடவைதான். அவள் போனாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் போனார்கள். தையல் பெட்டி மரத்தடியிலேயே கிடந்தது. எங்கள் ஊரில் அந்தச் சங்கத்தின் சரித்திரம் அத்துடன் முடிந்தது. மலரில் எப்படி எழுதியிருக்கிறார்களோ தெரியாது.

மெட்ராஸ் அம்மாள் அதற்குப் பிறகு பெரிய பெரிய பதவியெல்லாம் பார்த்தார். பேப்பரில் படம் வரும்போதெல்லாம் நான் பேப்பரைக் கவிழ்த்து வைப்பேன். அவருக்கு எங்கள் ஊர்ப் பெயர்கூட நினைவிருந்திருக்காது. அவரைத் திட்டி ஆயுள் முழுக்கக் கழித்துவிட்டேன். திட்டுவதற்கு அவர் எவ்வளவு வசதியான ஆள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

எதற்கு இந்தக் கோபம்

மலர்க்காரர்களுக்குப் பதில் எழுதிவிட்டேன். படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். "அன்புப் பரிசு" என்று போடாதீர்கள். ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும் பெண்ணின் பெயர் அஞ்சலை, அவளை முழுசாகப் போடுங்கள். கூட வைத்திருக்கும் கடிதத்தையும் தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் போடுங்கள். போட மாட்டார்கள் என்று தெரியும். அதனால்தான் இங்கே எழுதிவிட்டேன்.

"போனது போச்சு, இந்த வயசில எதுக்கும்மா இவ்வளவு கோபம்? ரத்தக் கொதிப்பு வேற" என்கிறாள் என் மகள். அவளுக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன்.

அடுத்த ஐப்பசியில் எங்கள் வயலில் நடவு. அதே கோஷ்டிதான், செங்கேணி தலைவி. வேண்டுமென்றே வரப்பில் இறங்கி நடந்தேன். என் காலடியில் முடி வைப்பார்கள், தூக்க வேண்டும், அவர்கள் எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். கழுத்துச் சங்கிலியைக் கேட்டால் சங்கிலி. புதுச்சேரிக்குப் போய் மருத்துவச்சி வேலையைக் கற்றுக்கொண்டு வா என்றால் அதுவும்.

எனக்கு முன்னால் ஒரு மாட்டுத் தரகர் போனார். முடி வைத்துக் குலவை போட்டு, சிரித்து, வெற்றிலைக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் தூக்கித் திரும்ப வைத்த அதே முடி இன்னும் வரப்பின் நடுவில் கிடந்தது. நான் அதற்கு முன்னால் போய் நின்றேன். ஒரு புதுப் பெண், விவரம் தெரியாதவள், முடியை என் காலடிக்கு நகர்த்தக் கை நீட்டினாள்.

"அத எடுடி இந்தாண்ட" என்றாள் செங்கேணி, குனிந்த தலை நிமிராமல். "அவங்க போவட்டும்."

அந்தப் பெண் முடியை எடுத்துச் சேற்றில் வைத்துக்கொண்டாள். வரப்பு காலியாக இருந்தது. நான் நடந்து போனேன்.